ஆணி அடிக்கக் கேட்க வேண்டுமா?

போன மாதம் என் பழைய கம்பெனியில் என்னைக் கூப்பிட்டு, புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் கொஞ்ச நேரம் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள். க்ளவுட் ப்ளாட்ஃபார்ம் என்பது ஒன்று, ப்ளாட்ஃபார்ம் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க் என்பது இன்னொன்று; இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? நானும் செம்பூரிலிருந்து நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போய், கட்டம் கட்டமாகப் படம் போட்டு, அம்புக்குறி எல்லாம் விட்டு விளக்கினேன். பிள்ளைகள் தலையாட்டினார்கள். அந்தத் தலையாட்டலை எனக்கு நன்றாகத் தெரியும். வேலையில் இருந்த காலம் முழுக்க மீட்டிங்குகளில் நானே அப்படி ஆட்டியிருக்கிறேன்.

கடைசியில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "மேடம், ப்ளாட்ஃபார்ம்னா அவங்க சொல்றபடி நாம நடக்கணும். ஃப்ரேம்வொர்க்னா எல்லாம் நம்ம இஷ்டம். அப்ப ஃப்ரேம்வொர்க்தானே பெட்டர்?"

இதே வாதத்தை, இதே கம்பெனியில், எங்கள் விஸ்வநாதன் சார் வாயால் கேட்டவள் நான். அதன் பிறகு பட்ட பாட்டையும் மறக்கவில்லை. படங்களை மூடிவிட்டு அந்தக் கதையைச் சொன்னேன். சிரித்தார்கள். பிறகு அவர்கள் கேட்ட கேள்விகளைப் பார்த்தால் விஷயம் உள்ளே போயிருந்தது தெரிந்தது. எழுதிக் கொடுங்கள் என்றார்கள். தமிழில்தான் எழுதுவேன் என்றேன். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் படிக்க வராதே என்றார்கள். படிக்கத் தெரிந்த மீதிப் பாதி படித்துச் சொல்லட்டும்.

எங்கள் கம்பெனி மருந்து மொத்த வியாபாரம். பம்பாயில், சயானில் ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. அங்கிருந்து சீத்தா கேம்ப் வரை உள்ள மருந்துக் கடைகள் காலையில் ஆர்டர் போட்டால் மாலைக்குள் டெம்போவில் மருந்து போய்விடும். நான் பி.எஸ்ஸி. முடித்துவிட்டு டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தேன். முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியபோது அதன் அட்டைப்பெட்டியைப் பிரிக்க எல்லோரும் பயந்தார்கள். நான் பிரித்தேன். அன்றிலிருந்து நான்தான் கம்ப்யூட்டர் டிபார்ட்மென்ட். என் பயிற்சிக் காலம் என்று சொல்வதானால் அதுதான், மிச்சமெல்லாம் அடிபட்டுக் கற்றுக்கொண்டது.

நான் சொல்லும் காலத்தில் டிபார்ட்மென்ட்டில் நான்கு பேர் இருந்தோம். நான், ஜோஷி, ஃபெர்னாண்டஸ், இசக்கியம்மாள். ஜோஷி ப்ரோகிராம் எழுதுவான், பேச மாட்டான். ஃபெர்னாண்டஸ் பேசுவான். இசக்கிதான் சர்வருக்குப் பொறுப்பு. தாராவியில் நைன்ட்டி ஃபீட் ரோட்டிலிருந்து வருவாள். அவள் அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். இவள் பிறந்தது தாராவி, பேச்சு மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது. பட்டறையில் வேலை பார்த்த அவள் கணவருக்கு முட்டி போய்விட்டதால் வீடு இவள் சம்பளத்தில்தான் ஓடியது. மூத்த மகள் அப்போதுதான் நர்ஸிங் படிக்கச் சேர்ந்திருந்தாள்.

சர்வர் அறை என்பது சமையலறை அளவு. ஏ.சி. சொட்டும், அதற்குக் கீழே ஒரு நீல பக்கெட். இசக்கியின் காலை வேலை ஒரு பூஜை போல ஒழுங்காக நடக்கும். முதலில் பக்கெட்டைக் கொட்டுவாள். பிறகு விளக்குகள் எல்லாம் பச்சையாக இருக்கின்றனவா என்று பார்ப்பாள். பிறகு சர்வரின் பக்கவாட்டில் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பது போல் சூடு பார்ப்பாள். அதை நாங்கள் எந்தக் காரணத்துக்காகவும் அணைத்ததே இல்லை. அணைந்தால் மறுபடி எழுந்திருக்காது என்று ரிப்பேர்காரர் ஒருவர் பயமுறுத்தி வைத்திருந்தார். மாலையில் அன்றைய கணக்கு முழுவதையும் ஒரு டிஸ்க்கில் பிரதி எடுத்து, அதை இசக்கி தன் டிபன் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போவாள். ஆபீஸில் தீப்பிடித்தால் ஒரு பிரதி வெளியே இருக்க வேண்டும் அல்லவா? ஒரு தடவை ஆடிட்டர் வந்து, "வெளியே என்றால் எங்கே?" என்று கேட்டார். "தாராவியில சார். அரிசி டின்னுக்கு மேல" என்றாள் இசக்கி. அவர் அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார்.

இப்போது விஸ்வநாதன் சார். எங்கள் மேலாளர். மாட்டுங்காக்காரர், பாலக்காட்டுக் குடும்பம். வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனா, அதில் ஒன்று எழுதாது. யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் "சரி, பார்க்கலாம்" என்பார், அவ்வளவுதான். அவருடைய கொள்முதல் முறை மட்டும் விசித்திரமானது. எதை விற்க யார் வந்தாலும் எதிரே உட்காரவைத்து டபராவில் காபி கொடுப்பார். காபி முடியும்வரை வியாபாரம் பேசக் கூடாது. வந்தவர் டையைத் தளர்த்திக்கொண்டு, அந்தச் சூட்டை எப்படி ஆற்றுவது என்று தெரியாமல் தவிப்பதை அமைதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார். காபி முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார். "நாளைக்கு நான் ஒரு ஆணி அடிக்கணும்னா, உங்ககிட்ட கேக்கணுமா?"

ஸ்டேப்ளர் விற்க வந்தவனிடமும் இதையேதான் கேட்டார். வந்தவர்களில் பாதிப் பேர் கேள்வி புரியாமல் ஓடியிருக்கிறார்கள். கேள்வியின் பூர்வீகம் எங்களுக்குத் தெரியும். அவர் குடும்பம் இருந்தது பகடி வீடு. ஆரம்பத்தில் ஒரு தொகை கொடுத்துவிட்டுப் பெயருக்கு வாடகை கட்டிக்கொண்டு தலைமுறை தலைமுறையாக இருக்கலாம். யாரும் கிளப்ப முடியாது. ஆனால் வீடு உங்களுடையதும் இல்லை. வீட்டுக்காரர் கீழேயே குடியிருந்தார். மேலே சுத்தியல் சத்தம் கேட்டால் படியேறி வந்துவிடுவார். சாருக்குக் கல்யாணம் ஆனதும் கல்யாணப் போட்டோவை மாட்ட ஆணி அடிக்கப் போனார். பழைய சுவர், விழுந்துவிடும் என்று வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. போட்டோ பீரோ மேல் சுவரில் சாய்ந்து நின்றது. பிள்ளைகள் பிறந்து, படித்து, வெளிநாடு போய், அவர் மனைவியும் காலமாகி, போட்டோ அங்கேயேதான் சாய்ந்து நின்றது. வாடகை என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகம் சுருங்கியதில் ஆச்சரியம் இல்லை.

அந்த வருஷம் இரண்டு கட்டடங்களுக்கு ஒன்றாக ஆயுள் முடிந்தது. சாருடைய மாட்டுங்கா கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட ஒரு பில்டர் வந்தார். சாரைத் தற்காலிகமாக ஆண்டாப் ஹில்லில் ஒரு ட்ரான்சிட் வீட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். எங்கள் சயான் ஆபீஸ் கட்டடத்துக்கும் இன்னொரு பில்டர் வந்தார். எங்களுக்கும் ஆண்டாப் ஹில்லில்தான் ட்ரான்சிட் ஆபீஸ், ஒரு மாவு மில்லுக்கு மேலே. மில் ஓடினால் விளக்கு மங்கும். அணைக்கக் கூடாத அந்தப் பழைய சர்வரை அங்கே கொண்டுபோகிற பேச்சுக்கே இடமில்லை.

முதலாளி சேட் காட்கோபரிலிருந்து வந்து எங்களைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழிலேயே தருகிறேன். "இப்போது எல்லோரும் க்ளவுட் என்கிறார்கள். நீங்களும் போங்கள். ஆனால் ஒரு நாள்கூட டெம்போ நிற்கக் கூடாது. நின்றால் கம்ப்யூட்டரை எல்லாம் வெளியாளிடம் கான்ட்ராக்ட் விட்டுவிடுவேன். நீங்கள் நான்கு பேரும் வீட்டுக்குப் போகலாம்." சேட் விளையாட்டுக்குச் சொல்கிற ஆள் இல்லை. இசக்கி வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எக்கா, மகளுக்கு இப்பத்தான் ஃபீஸு கட்டிருக்கேன். நல்லா யோசிச்சு வாங்கச் சொல்லுங்க சார்வாள."

இரண்டு பேர் விற்க வந்தார்கள். முதலில் வந்த பெண் விற்றது ப்ளாட்ஃபார்ம். உங்கள் ப்ரோகிராமைக் கொடுங்கள், ஓட்டுவது எங்கள் பாடு என்றாள். இயந்திரம், சேமிக்கும் இடம், பிரதி எடுப்பது, பூட்டு சாவி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். மாதா மாதம் வாடகை. காபியையும் சிந்தாமல் குடித்தாள். எனக்கு நம்பிக்கை வந்தது. சார் ஆணிக் கேள்வியைக் கேட்டார். பாவம், நேர்மையான பெண். "சில இடத்தில் அடிக்கலாம் சார். சில இடத்தில் எங்களிடம் கேட்க வேண்டும். சில சுவரில் அடிக்கவே முடியாது" என்றாள். சார் "சரி, பார்க்கலாம்" என்றார்.

அடுத்து வந்தவன் நிகில். அவன் கொண்டுவந்தது ப்ளாட்ஃபார்ம் கட்டுவதற்கான ஃப்ரேம்வொர்க். ஆனால் அவன் திரையில் காட்டிய எல்லாம் ஜோராக ஓடியது. ஒரு பொத்தானை அழுத்தினால் ப்ரோகிராம் ஏறியது, இன்னொன்றை அழுத்தினால் இறங்கியது. வரைபடங்கள் பல நிறத்தில் துடித்தன. ஆணிக் கேள்விக்கு அவன் யோசிக்கவே இல்லை. "எங்கே வேண்டுமானாலும் அடியுங்கள் சார். சுவரையே இடியுங்கள். எல்லாம் உங்களுடையது. வாடகை கிடையாது."

சார் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"இப்போ நீங்க காட்டினது எங்கே ஓடுது?" என்று நான் கேட்டேன்.

"எங்க டீம் இதை வெச்சுக் கட்டின ப்ளாட்ஃபார்ம்ல மேடம். நீங்களும் இதே மாதிரி கட்டிக்கலாம்."

"அப்போ எங்களோடது எங்கே ஓடும்?"

"எங்க வேணும்னாலும் ஓடும் மேடம்."

"எங்ககிட்ட அந்த 'எங்க வேணும்னாலும்' எங்கே இருக்கு?"

நிகில் சிரித்தான். சாரும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிகில் பொய் சொல்லவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவன் எங்களுக்குக் காட்டியது சாம்பிள் ஃப்ளாட். பம்பாயில் எந்த பில்டர் ஆபீஸுக்குப் போனாலும் ஒன்று இருக்கும்: சோபா, திரைச்சீலை, கூடையில் பிளாஸ்டிக் ஆப்பிள். உட்கார்ந்து பார்த்துவிட்டு வரலாம், குடியிருக்க முடியாது. சாரும் அந்த மாதம்தான் மாட்டுங்காவில் தன் சாம்பிள் ஃப்ளாட்டைப் பார்த்துவிட்டு வந்து, சுவரெல்லாம் எவ்வளவு கெட்டி என்று எங்களிடம் தட்டிக் காட்டாத குறையாகச் சொல்லியிருந்தார். அதே கண்ணோடுதான் இதையும் பார்த்தார். ஃப்ரேம்வொர்க் வந்தது.

அதை ஓட்ட மூன்று புதிய இயந்திரங்கள் வாங்கி, வேறு இடம் இல்லாததால் மாவு மில்லுக்கு மேலேயே பாத்ரூம் கதவுக்குப் பக்கத்தில் அடுக்கினோம். மில் ஓடாத நேரமாகப் பார்த்து ஜோஷி நிறுவினான். நாங்கள் நான்கு பேரும் சாரும் திரையைச் சுற்றி நின்றோம். நிகில் காட்டிய பொத்தானும் இல்லை, துடிக்கிற வரைபடமும் இல்லை. கறுப்புத் திரையில் அது எங்களைத்தான் கேள்வி கேட்டது. சேமிப்பதற்கு எதைப் பயன்படுத்தப் போகிறீர்கள்? இயந்திரங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேச வேண்டும்? யார் உள்ளே வரலாம் என்பதை எது முடிவு செய்யும்? ஒவ்வொன்றுக்கும் பல வழிகள் உண்டு, நீங்களே தேர்ந்தெடுங்கள். இரண்டு வழிகளைச் சேர்த்தால் மூன்றாவது ஒத்துவராமல் போகலாம், அதையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன அகிலா இது, எல்லாத்தையும் நம்மகிட்டயே கேக்கறதே!" என்றார் சார்.

"யார்கிட்டயும் கேக்க வேண்டாம்னு நீங்கதானே சார் வாங்கினீங்க. அதான் இப்ப அது நம்மகிட்ட கேக்குது."

இசக்கி எட்டிப் பார்த்தாள். "என்னக்கா இது, வீடு வாங்குனதாச் சொன்னாவ. கொத்தனார் சாமானையும் கம்பியையும்லா இறக்கிட்டுப் போயிருக்கான்."

போன மாதம் அந்தப் பிள்ளைகளுக்கு நான் படம் போட்டு விளக்கியதெல்லாம் இவ்வளவுதான். ப்ளாட்ஃபார்ம் என்பது மூட்டை முடிச்சோடு குடிபோகிற வீடு. குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும். ஆணி அடிக்க மட்டும் கேட்க வேண்டும். ஃப்ரேம்வொர்க் என்பது அந்த வீட்டைக் கட்டுகிறவனுக்கான கம்பி, க்ரேன், கட்டட விதிகள். எங்கே வேண்டுமானாலும் ஆணி அடிக்கலாம், முதலில் சுவர் வேண்டும். ஃப்ரேம்வொர்க் மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். ப்ளாட்ஃபார்ம் விற்கிறவர்கள் பலர் உள்ளே அதை வைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள். எங்கள் தப்பு, குடியிருக்க இடம் தேடிப் போய்க் கட்டுமானச் சாமானை வாங்கி வந்தது.

ஆனாலும் கட்டினோம். ஜோஷி எங்கள் ப்ரோகிராமை எல்லாம் பிரித்து, எங்கே இறக்கினாலும் ஓடுகிற மாதிரி ஒழுங்காக மூட்டை கட்டினான். சேமிப்புக்கு வழி கண்டுபிடித்தால் உள்ளே வரும் வழி அடைபட்டது. அதைத் திறந்தால் மாவு மில் ஓடி மூன்று இயந்திரங்களும் படுத்தன. இதற்கிடையே சார் தினமும் மாட்டுங்கா போய்த் தன் கட்டடத்தைப் பார்த்துவிட்டு வருவார். "ப்ளின்த் வந்தாச்சு" என்பார், அதாவது தரைமட்டம் வரை. "நம்மோடது?" என்பார். "ப்ளின்த் சார்" என்பேன். நான் இன்னொரு காரியமும் செய்தேன். அந்த நேர்மையான பெண்ணின் ப்ளாட்ஃபார்மை இலவச ட்ரையலாக எடுத்து, ஜோஷியின் மூட்டையில் ஒன்றை அங்கே இறக்கிப் பார்க்கச் சொன்னேன். இறக்கினோம், ஓடியது. சாரிடமும் காட்டினேன். "நன்னாத்தான் இருக்கு" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆணி இன்னும் மனதை விட்டு இறங்கவில்லை என்று நினைத்துக்கொண்டு எரிச்சலோடு என் நாற்காலிக்குப் போனேன்.

தீபாவளி முடிந்து ஒரு காலை. மற்றவர்கள் எல்லாம் ஆண்டாப் ஹில் வந்துவிட்டோம். பழைய சர்வர் மட்டும் காலி செய்த சயான் கட்டடத்தில் தனியாக ஓடிக்கொண்டிருந்தது, துணைக்கு இசக்கியும் நீல பக்கெட்டும். கடைகளிலிருந்து ஆர்டர்கள் வர ஆரம்பித்த நேரத்தில் இசக்கியிடமிருந்து போன்.

"எக்கா, பில்டர் ஆளு கரண்ட்ட வெட்டிட்டான்!"

"இடிக்க இன்னும் நாள் இருக்கே?"

"அதத்தான் நானும் கேட்டேன். இடிக்கத்தானே போறோம், என்னிக்கு வெட்டுனா என்னங்கான். கீழ டீக்கடைக்காரன்ட்ட கெஞ்சி வயரு இழுத்து ஆன் பண்ணிப் பாத்துட்டேன். ஒரு உறுமு உறுமுச்சு. அப்புறம் சத்தத்தையே காணோம்."

ரிப்பேர்காரர் சொன்னது பலித்துவிட்டது. கடைகளிலிருந்து போன் மேல் போன். டெம்போ டிரைவர்கள் கீழே மாவு மில் வாசலில் நின்று புகைபிடிக்க ஆரம்பித்தார்கள். எந்தக் கடைக்கு எந்த மருந்து என்று எவனுக்கும் தெரியாது. சேட்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள், கிளம்பி வந்துகொண்டிருந்தார். எங்கள் சொந்தக் கட்டடமோ ப்ளின்த்தில் நின்றது.

நான் சார் முன்னால் போய் நின்றேன். "சார், அந்தப் ப்ளாட்ஃபார்முக்கு வாடகை கட்டச் சரின்னு சொல்லுங்க. ஜோஷி மூட்டை கட்டி வெச்சிருக்கான். நேத்துக் கணக்கு இசக்கி வீட்டு அரிசி டின் மேல இருக்கு. சாயங்காலத்துக்குள்ள டெம்போ கிளம்பிடும்."

சார் எழுதாத பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார், மூடினார்.

"ஆணியையா சார் யோசிக்கறீங்க?" எனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாலு பேர் வேலை போகப் போறது சார்!"

"அதைத்தான் அகிலா நானும் யோசிக்கறேன்" என்றார். "அந்தப் பொண்ணு வந்தன்னிக்கே எனக்குத் தெரிஞ்சது, அவளோடது நன்னா ஓடும்னு. இயந்திரத்தை அவா பார்த்துப்பா, பிரதியை அவா எடுத்துப்பா, பூட்டு சாவி அவாகிட்ட. அப்புறம் நீங்க நாலு பேரும் என்ன பண்ணுவேள்? சேட் கேக்க மாட்டாரா? ஆணி ஒரு சாக்காக்கும். கட்டற வேலைன்னா கட்டறவா வேணும், கேட்டியோ."

இத்தனை மாதமாக அவரை நான் மனதுக்குள் என்னவெல்லாம் திட்டியிருந்தேன்! சேட் வைத்த நிபந்தனையில் இரண்டு பக்கமும் கத்தி இருந்தது. டெம்போ நின்றால் எங்கள் வேலை போகும். டெம்போ தானாகவே ஓடினாலும் போகும். இரண்டாவது கத்தியை அவர் ஒருவர்தான் பார்த்திருந்தார். பார்த்து, எங்களிடம் சொல்லாமல், ஆணிப் பைத்தியம் என்ற பெயரையும் வாங்கிக்கொண்டிருந்தார். அவர் மேல் எனக்கு வந்தது மரியாதையா அழுகையா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

"முதல்ல இன்னிக்கு மருந்து போகட்டும் சார்" என்றேன். "நாளைக்கு நம்மை வீட்டுக்கு அனுப்பினா அனுப்பட்டும்."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியாக டெம்போக்களைப் பார்த்தார். பிறகு, "சரி" என்றார். வழக்கமான "பார்க்கலாம்" வரவில்லை.

இசக்கி சயானிலிருந்து தாராவிக்கு ஓடி, அரிசி டின் மேலிருந்த டிஸ்க்கை டிபன் பையில் போட்டுக்கொண்டு டாக்ஸியில் வந்து இறங்கினாள். பையில் கூடவே எலுமிச்சம் சாதமும் இருந்தது. வீட்டுக்குப் போனவள் வெறுங்கையோடு வருவாளா? ஜோஷி மூட்டைகளை இறக்கினான். ஃபெர்னாண்டஸ் கடைக்காரர்களிடம் பேசிப் பேசியே நேரம் வாங்கினான். எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவும்போது முதல் கடையின் ஆர்டர் திரையில் வந்துவிட்டது. டிரைவர்கள் பீடியை அணைத்தார்கள். சேட் படியேறி வந்தபோது கடைசி டெம்போவும் கிளம்பிக்கொண்டிருந்தது.

சேட் திரையைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், டிபன் பாத்திரங்களைப் பார்த்தார். "இவ்வளவு சுலபமா?" என்றார். அடுத்ததாக, சார் சொன்ன கேள்வியே அட்சரம் பிசகாமல் வந்தது. "இயந்திரத்தை வெளியாள் பார்த்துக்கொள்கிறான் என்றால், இந்த நான்கு பேர் எனக்கு எதற்கு?"

இசக்கி என் முழங்கையைப் பிடித்தாள். விஸ்வநாதன் சார் எழுந்து நின்றார். சேட்டுக்கு ஒரு டபரா காபி வந்தது. சேட் பழக்கப்பட்டவர், ஆற்றிக் குடிக்கத் தெரியும். காபி முடியும்வரை சார் பேசவில்லை. முடிந்ததும் இந்தியில் நிதானமாகச் சொன்னார்.

"சேட்ஜி, இது ட்ரான்சிட் கேம்ப்."

சேட் நிமிர்ந்தார்.

"நான் இப்போது இருக்கிற வீடு மாதிரிதான். தண்ணீர் வருகிறது, விளக்கு எரிகிறது, குறை ஒன்றும் இல்லை. ஆனால் அது என் வீடு இல்லை. நம் சொந்தக் கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. இந்த நான்கு பேரும்தான் அதைக் கட்டுகிறார்கள். கட்டி முடித்ததும் உங்கள் அண்ணன் தம்பிகளின் கம்பெனிகளையும் அதிலேயே குடிவைக்கலாம். வேண்டாம் என்றால் இப்போதே சொல்லுங்கள், நிறுத்திவிடுகிறேன்."

க்ளவுட் என்றால் என்ன, ஃப்ரேம்வொர்க் என்றால் என்ன என்று நான் பல தடவை சேட்டுக்கு விளக்கியிருக்கிறேன். ஒரு தடவையும் பலித்ததில்லை. ட்ரான்சிட் என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் விளக்கிவிட்டது. அவருடைய காட்கோபர் கட்டடமும் அப்போது இடிபட்டுக் கிடந்தது.

"எப்போது முடியும்?" என்று மட்டும் கேட்டார்.

"பில்டர் தேதி சொன்னால் நீங்கள் நம்புவீர்களா சேட்ஜி?"

சேட் வயிறு குலுங்கச் சிரித்தார். நாங்கள் நான்கு பேரும் கூடச் சிரித்தோம், ஆனால் எங்கள் சிரிப்பு வேறு ஜாதி. இசக்கி அன்று சாயங்காலம் கிளம்பும்போது, "சார்வாளுக்கு நாளைக்கும் எலுமிச்சம் சாதம் கொண்டாறேன்க்கா" என்றாள்.

கட்டி முடிக்க வருஷங்கள் ஆயின. ஆனால் முடித்தோம். அதற்குள் சார் ரிடயர் ஆனார், பின்னாலேயே நானும் ஆனேன். ஆபீஸும் புதுக் கட்டடத்துக்கு வந்தது. இப்போது இசக்கிதான் டிபார்ட்மென்ட் தலைவி, அவள் மகள் சயானில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சாருடைய மாட்டுங்கா கட்டடமும் ஒரு வழியாக எழும்பியது.

அந்தப் பிள்ளைகளிடம் பேசிவிட்டு வந்த அன்று நானும் இசக்கியும் சாரைப் பார்க்கப் போனோம். உயரமான மாடி, நல்ல காற்று. கல்யாணப் போட்டோ புது பீரோ மேல் சுவரில் சாய்ந்து நின்றது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது சொந்த வீடுதானே சார்? இன்னுமா?"

"கான்க்ரீட் சுவர், ஆணி இறங்கல. ட்ரில் போடணும். ட்ரில் போடணும்னா பில்டிங் சொசைட்டி செகரட்டரிகிட்ட பெர்மிஷன் கேக்கணுமாம். கேட்டிருக்கேன்" என்றார். அவருக்கும் சிரிப்பு வந்தது.

இசக்கி தான் கொண்டுவந்த சேதியைச் சொன்னாள். "சார், சேட்டோட தம்பிங்க கம்பெனி ரெண்டும் போன வாரம் நம்ம ப்ளாட்ஃபார்முக்கு வந்துட்டாவ. மாசா மாசம் நமக்கு வாடகை தாராவ."

சார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "லீவ் அண்ட் லைசென்ஸா?"

"ஆமா சார், தற்காலிக வாடகை ஒப்பந்தந்தான். வருசா வருசம் புதுப்பிக்கணும்."

"அதுதான் சரி. பகடி மட்டும் குடுத்துடாதே. எங்கப்பா கொஞ்ச நாளைக்குன்னுதான் அந்த ஆத்துக்கு வந்தார். நான் தலை நரைச்சு, கட்டடத்தையே இடிச்சப்புறந்தான் கிளம்பினேன்."

மூன்று பேரும் சிரித்து ஓய்ந்தோம். காபி வந்தது. முடியும்வரை அவர் பேசவில்லை. டபராவைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பழைய கேள்வியை இசக்கியிடம் கேட்டார்.

"அவா ஒரு ஆணி அடிக்கணும்னா, யார்கிட்ட கேக்கணும்?"

"என்கிட்டத்தான் சார் கேக்கணும்."

அவர் பீரோ மேல் சாய்ந்திருந்த போட்டோவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கேட்டா உடனே அடிச்சுக்கோன்னு சொல்லிடு, இசக்கி."